டி கிரேடுக்கு ஆள் தேவை

என் மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. பிள்ளை படிக்கவில்லை, வாயாடுகிறது, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறது என்று புகார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். படிக்கிறாள் என்று புகார் சொல்லி, பெற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்த பள்ளிக்கூடத்தை நான் அந்த ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் உண்ணாமலை. சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரர் அன்பரசுவும் நாமக்கல் பக்கம் பிழைக்க வந்தோம். சேந்தமங்கலம் போகிற சாலையில் பாலசுந்தரம் என்பவருடைய கோழிப்பண்ணையில் வேலை. என் வீட்டுக்காரர் முட்டை வண்டி ஓட்டுகிறார். நான் ஷெட்டில் முட்டை பொறுக்கி, உடைசலைப் பிரித்துவிட்டு, நல்லதை அட்டையில் அடுக்குகிறேன். பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு கொடுத்திருக்கிறார்கள். கோழி நாற்றம் எங்கள் மூக்குக்குப் பழகிப்போய்விட்டது, வருகிற விருந்தாளிகள்தான் முகத்தைச் சுளிப்பார்கள். ரஞ்சிதா எங்களுக்கு ஒரே பிள்ளை.

அவள் ஐந்தாவது முடித்த வருஷம் பாலசுந்தரம் அண்ணன் எங்களைக் கூப்பிட்டார். அவருடைய மகன் ஈஸ்வரும் அப்போதுதான் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். பைபாஸில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறார்கள். கண்ணாடி வைத்த கட்டடம், நீச்சல் குளம், குதிரை கூட இருக்கிறது என்று ஊரே பேசும்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல வகுப்புக்குப் பத்து சீட்டு சும்மா குடுக்கறாங்க அம்மிணி. பீசு கெடையாது, துணிமணி, புஸ்தகம், வேன் எல்லாம் அவங்களுது. நான் ஒரு வார்த்தை சொன்னா நம்ம ரஞ்சிதாவுக்கு ஒண்ணு வாங்கிப்போடலாம். என்ன சொல்றீங்க?" என்றார்.

நாங்கள் என்ன சொல்வோம்? கும்பிடாத குறை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. டையும் ஷூவும் போட்டுக்கொண்டு என் மகள் அந்த மஞ்சள் வேனில் ஏறியதைப் பார்த்து ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் சொல்லமாட்டார்கள். மார்க் சொன்னால் பிள்ளைகளுக்குள் போட்டி வந்துவிடுமாம். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் ஓர் அட்டை வரும். அதில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2, டி, ஈ என்று மொத்தம் எட்டு எழுத்து. ஏ1 முதல் தரம், ஈ கடைசி. ரஞ்சிதாவுக்கு முதல் அட்டையில் டி வந்தது. அடுத்ததில் ஈ. அதற்கடுத்ததில் மறுபடியும் டி. ஏழாவது முடிகிற வரைக்கும் இந்த இரண்டு எழுத்தை விட்டு அவள் நகரவேயில்லை.

எனக்கு அந்த எழுத்துகள் முட்டையை எடை போடுகிற மாதிரிதான் புரிந்தன. ஒரு முட்டையைத் தராசில் வைத்தால் அதன் எடை அதற்கு. பக்கத்து முட்டை பெரிதோ சிறிதோ, இதற்கு அதைப்பற்றிக் கவலையில்லை. அப்படியானால் என் மகளின் எடை டி என்றுதானே அர்த்தம்? ஐந்தாவது வரைக்கும் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தவள், இங்கே வந்து இப்படி இளைத்துப்போனாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்திருக்கிறோம். இலவசமாக இடம் கொடுத்தவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? பிள்ளை நன்றாகப் படித்து அவர்கள் பெயரைக் காப்பாற்றுவது ஒன்றுதானே.

அதனால் பிள்ளையைப் போட்டு வாட்டினேன். சாயங்காலம் முட்டை அடுக்குகிற மேசையைத் துடைத்துவிட்டு அவளை உட்கார வைப்பேன். டிவியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

"ஓசியில படிக்கிறோம்ங்கற நெனப்பு இருக்கா உனக்கு? சோறு போட்டு, துணி குடுத்து, உக்கார வெச்சு சொல்லித் தர்றாங்க. அவங்களுக்கு நன்றியா இருக்க வேணாமா? டி வாங்கிட்டு வந்து நிக்கிறியே" என்று கத்துவேன்.

ரஞ்சிதா என்னை நிமிர்ந்து பார்ப்பாள். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். பிறகு குனிந்து கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள். அத்தனை கணக்கும் சரியாக வரும். விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப் பார்க்க எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாம் சரியாக வருகிறதே, பரீட்சையில் மட்டும் என்ன கேடு என்று மண்டையை உடைத்துக்கொள்வேன். பயத்தில் மறந்துவிடுகிறாள் போல என்று நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

எட்டாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் பி2 வந்தது.

அட்டையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடினேன். டி, சி2, சி1 மூன்றையும் தாண்டி ஒரே தாவு. கோழிகளெல்லாம் மிரண்டு கத்தின. ரஞ்சிதா மட்டும் சந்தோஷப்படவில்லை. அட்டையை வாங்கிப் பையில் திணித்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றாள். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாளாக்கும் என்று நான் சிரித்தேன். மறுநாளே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வரவேண்டும், ரஞ்சிதாவின் கிரேடு விஷயமாகப் பேச வேண்டும் என்றார்கள்.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தோம். வேறு என்ன நினைப்போம்? அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டார். நான் பட்டுச்சேலை எடுத்தேன், பிறகு ரொம்ப அதிகமாக இருக்கும் என்று வேறு சேலைக்கு மாறினேன். வழியில் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டோம்.

ஏசி அறையில் சௌந்தர்யா மேடம் இருந்தார். பரீட்சை, கிரேடு எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பாம். அவருக்கு எதிரே பாலசுந்தரம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அவர் வாங்கிக் கொடுத்த இடமாயிற்றே, பாராட்டும்போது அவரும் கூட இருப்பதுதான் முறை என்று நினைத்து, மைசூர்பாகுப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். மேடம் அதைப் பார்க்கவேயில்லை.

"உங்க பொண்ணு இந்தத் தடவை பி2 வாங்கியிருக்கா. தெரியுமில்லையா?" என்றார்.

"தெரியுங்க மேடம். எல்லாம் உங்க புண்ணியம்" என்றேன்.

"அதைப் பத்தித்தான் பேசணும். இது எப்படி ஆச்சு?"

அவர் கேட்ட விதத்தில் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "காப்பி கீப்பி அடிச்சிட்டாளா மேடம்?" என்றார்.

"இல்லை. அவளே எழுதினதுதான். அதுதான் பிரச்சினையே."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எழுத்து எட்டு. ஓர் எழுத்துக்கு ஐந்து பேர்தான். அதிக மார்க் வாங்கிய முதல் ஐந்து பேருக்கு ஏ1, அடுத்த ஐந்து பேருக்கு ஏ2, இப்படியே இறங்கி வந்து கடைசி ஐந்து பேருக்கு ஈ.

"நாற்பது பேருமே தொண்ணூறுக்கு மேல வாங்கினாலும் கடைசி அஞ்சு பேருக்கு ஈ தான். எங்க முறை அப்படி. மார்க்கை வெச்சு எழுத்து இல்லை, வரிசையை வெச்சுத்தான் எழுத்து" என்றார்.

"அப்போ ஒருத்தி மேல வந்தா?"

"ஒவ்வொரு எழுத்திலேருந்தும் ஒருத்தர் கீழே நகரணும். உங்க பொண்ணு பி2க்குள்ள வந்தா. அதனால பி2ல இருந்த ஒரு பையன் சி1க்குப் போனான். சி1ல இருந்த பொண்ணு சி2க்கு. சி2ல இருந்த ஒரு பையன் டிக்கு."

பாலசுந்தரம் அண்ணன் தம் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். ஈஸ்வருடைய அட்டை. அதில் டி என்று இருந்தது.

"கட்டணம் கட்டுற பேரண்ட்ஸுக்கு நாங்க ஒரு உறுதி கொடுத்திருக்கோம். அவங்க பிள்ளைங்க யாருக்கும் டி, ஈ வராது. சாருக்கு நான் இப்போ என்ன பதில் சொல்றது?" என்றார் மேடம்.

"அப்போ அந்த டியும் ஈயும் யாருக்குங்க?"

கேட்டு முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டிக்கு ஐந்து, ஈக்கு ஐந்து. வகுப்புக்குப் பத்து சீட்டு சும்மா கொடுக்கிறார்கள். இரண்டு வருஷமாக நான் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். என் மகளைப் படிக்க வைக்க அல்ல, மற்ற பிள்ளைகளின் காலுக்குக் கீழே பலகையாகப் போட வாங்கியிருக்கிறார்கள்.

"அண்ணா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?" என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

"தெரியாம என்ன அம்மிணி" என்றார் அவர், ஏதோ நான் தண்ணீர் கேட்ட மாதிரி. "காசு கட்டறவன் புள்ளைக்குக் கீழ ஒருத்தரு இருக்கோணுமில்ல? அதுக்குத்தான அந்தப் பத்து சீட்டே. வெளியாளு புள்ளைக்குப் போறதுக்கு நம்ம பண்ணைப் புள்ளைக்கே போகட்டுமேன்னுதான் நான் சொல்லி வாங்குனேன். நல்ல சோறு, நல்ல இங்கிலீசு எல்லாங் கெடைக்குதில்ல. படிக்க வேண்டாம்னு ஆரு சொன்னா? பரீச்சையில கொஞ்சம் அடக்கி எழுதச் சொல்றோம். அவ்வளவுதானுங்க."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். அந்த மனுஷர் இதை நல்ல மனசோடு சொன்னார் பாருங்கள், அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"அரையாண்டுல பழைய இடத்துக்கு வந்துட்டா ஒண்ணும் பிரச்சினை இல்லை. பன்னிரண்டாவது வரைக்கும் சீட் அவளுக்குத்தான். இல்லைன்னா கன்செஷனைப் பத்தி நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார் மேடம்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "சரிங்க மேடம், சொல்லி வெக்கிறோம்" என்றார். எனக்கு இடி விழுந்தது போல இருந்தது.

வண்டியில் வரும்போது அவரைப் பின்னாலிருந்தே கிழித்தேன். என்ன மனுஷன் நீ, பெத்த பிள்ளையை முட்டாளா இருன்னு சொல்லி வெக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டு வர்றியே என்றேன். அவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"கோவப்படாம கேளு. வூடு அவரோடது. வேல அவரோடது. பன்னண்டாவது பரீச்சைய கவர்மெண்டு நடத்துது. அதுல இந்த அஞ்சு பேரு கணக்கெல்லாம் கெடையாது. அதுவரைக்கும் இவ பாட்டுக்கு உள்ளுக்குள்ள படிச்சுக்கட்டும். பரீச்சையில ரெண்டு கேள்விய விட்டா என்ன கொறஞ்சிடும்?" என்றார்.

வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த மாதிரி ஆய்வகமும் நூலகமும் கிடைக்கப்போகிறது என்று எனக்கும் உள்ளுக்குள் ஓடியது. நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் ரஞ்சிதா வேனிலிருந்து இறங்கினாள். எங்கள் இருவரையும் வாசலில் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பையைக் கூட இறக்கவில்லை.

"நான் வேணும்னு பண்ணலம்மா" என்றாள்.

"என்ன பண்ணல?"

"நான் எப்பவும்போல ரெண்டு கணக்க விட்டுட்டுதான் வந்தேன். அறிவியல்ல ஒரு பெரிய கேள்வியே எழுதல. ஆனா இந்தத் தடவ தாள் ரொம்பக் கஷ்டமா வந்துடுச்சு. அவங்க எல்லாம் அவ்வளவு மோசமா எழுதுவாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அடுத்த தடவ இன்னும் ரெண்டு சேத்து விட்டுடறேன்."

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆறாவது சேர்ந்த புதிதில் வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்களாம். ரஞ்சிதாதான் அதில் முதல். வகுப்பு மிஸ் அந்தப் பத்துப் பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டு, இலவசமாக வந்தவர்கள் வந்த இடத்தை மறக்கக் கூடாது, மறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னாராம். அதற்குமேல் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. பிள்ளைகளே பேசி வைத்துக்கொண்டார்கள். இந்தப் பரீட்சையில் யார் யார் ஈ, யார் யார் டி என்று. ஒரே ஆள் எப்போதும் ஈ வாங்கினால் வீட்டில் அடி விழுமே, அதனால் மாற்றி மாற்றி. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி என் மகள் முறை வைத்து டியும் ஈயும் வாங்கியிருக்கிறாள். யார் எத்தனை கேள்வியை விடவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதும் இவள்தானாம். கணக்கில் கெட்டிக்காரி ஆயிற்றே.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீதான அவங்களுக்கு நன்றியா இருக்கணும்னு சொன்ன. நான் நன்றியாத்தாம்மா இருந்தேன்."

ஒவ்வொரு சாயங்காலமும் நான் கத்தியதெல்லாம் அவள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. ஆனால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வரும், அது என் சுபாவம். அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி, அதில் தைத்திருந்த பள்ளிக்கூட முத்திரையைப் பல்லால் கடித்துப் பிய்த்தேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அவரே கத்திரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போய் நின்றேன். சௌந்தர்யா மேடத்துக்கு அதுவரைக்கும் இருந்த பொறுமை எங்கே போனதென்று தெரியவில்லை.

"வருஷத்துக்கு நடுவுல எப்படிப் போவீங்க? வகுப்பில முப்பத்தொன்பது பேர் ஆயிடும். அந்த இடத்துக்கு நாங்க இப்போ யாரைத் தேடறது?" என்றார்.

"டி கிரேடுக்கு ஆள் தேவைன்னு கேட்டுல போர்டு மாட்டுங்க மேடம்" என்றேன்.

போன தடவை வைத்த மைசூர்பாகுப் பெட்டி பிரிக்காமல் அலமாரிமேல் இருந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்குக் கிடையாது.

மதியம் பாலசுந்தரம் அண்ணன் ஷெட்டுக்கே வந்துவிட்டார். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்த வேளையில் ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை.

"அவசரப்படாத அம்மிணி. புள்ளைய எங்கயும் கூட்டீட்டுப் போவேண்டாம். அவ வகுப்புல இருந்தாப் போதும். இல்லீன்னா அந்த எடத்துல எம் பையந்தான் போயி ஒக்காரோணும். அவங்கம்மா ஊட்டுல சோறு திங்க மாட்டீங்கறா" என்றார்.

"அண்ணா, எங்கள வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. வூட்டக் காலி பண்ணச் சொன்னாலும் பண்றோம். அவ அங்க போக மாட்டா" என்றேன்.

அவர் கோழிகளைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. முட்டை பொறுக்க ஆள் கிடைப்பது டி கிரேடுக்கு ஆள் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

தீபாவளி விடுமுறை முடிந்ததும் ரஞ்சிதாவை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சைக்கிளில் போய்வந்தாள். அங்கே எழுத்துக் கணக்கெல்லாம் இல்லை, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க்தான். நான் போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சேர்த்தேன். சாயங்காலம் அவளை உட்காரச் சொல்வதையும் கத்துவதையும் விட்டுவிட்டேன். டிவிமேல் போட்டிருந்த துணியை எடுத்துவிட்டேன். பிள்ளை கொஞ்சம் சிரிக்கவும் ஆரம்பித்தாள். விட்டது சனி என்று இருந்தேன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு கணக்கு டீச்சர் கமலவேணி போன் செய்து, ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகச் சொன்னார். இது என்ன புதுப் புகாரோ என்று போனேன். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ரஞ்சிதாவின் விடைத்தாள்.

"நான் எத்தனையோ வருஷமா தாள் திருத்தறேம்மா. தப்பா எழுதிட்டு அடிச்ச புள்ளைங்களப் பாத்திருக்கேன். சரியா எழுதிட்டு அடிச்ச புள்ளைய இப்பத்தான் பாக்கறேன்" என்று தாளை என்னிடம் கொடுத்தார்.

நாலு பெரிய கணக்கு. ஒவ்வொன்றும் முதல் வரியிலிருந்து விடை வரைக்கும் அழகாகப் போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றின்மேலும் ஸ்கேல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு. அவசரமில்லாத, நேரான கோடு.

டீச்சர் அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றாள். தாள் என் கையில் இருப்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்க உன்ன யாராவது எதாவது சொன்னாங்களாடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் அடிச்ச?"

"பக்கத்துல மோனிஷா அழுதுட்டே இருந்துச்சும்மா. அதுக்கு ஒண்ணுமே வரல. நான் எழுதறதப் பாத்துட்டுப் பாத்துட்டு அழுதுச்சு." என்னைப் பார்த்துக் கேட்டாள். "இங்க எத்தனை பேருக்கு எடம்னு யாருமே சொல்லலியேம்மா. நான் மேல போயிட்டா அது எங்க போவும்?"

டீச்சர் எழுந்து அவள் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இங்கே அப்படியெல்லாம் கிடையாது, நீ எழுதினால் அது உன்னுடைய மார்க், மோனிஷா எழுதினால் அது அவளுடைய மார்க், வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அத்தனை பேருக்கும் நூறுதான் போடுவேன், யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

ரஞ்சிதா கவனமாகக் கேட்டாள். புரிந்தது என்று தலையாட்டினாள். பிறகு டீச்சர் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் மறைக்கிறார் என்பது போல அவர் முகத்தையே பார்த்தாள்.

"சரிங்க டீச்சர். அப்போ கடைசி யாரு?" என்று கேட்டாள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது.